வார்டுக்கும் லேபுக்கும் நடுவில்: பிஎச்.டி.யை எப்போது செய்வது?

2019-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஆக்சிஜன் குறைந்தால் ஒரு செல் அதை எப்படித் தெரிந்துகொள்கிறது, தெரிந்ததும் என்ன செய்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக. மூவருமே மருத்துவர்கள். ஆனால் படித்து வந்த வழி ஆளுக்கொன்று. கிரெக் செமென்சா பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்தையும் பிஎச்.டி.யையும் சேர்த்தே வாங்கியவர். வில்லியம் கேலின் பிஎச்.டி. பக்கமே போகவில்லை, பொது மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் பயின்றுவிட்டு, ஒரு லேபில் போஸ்ட்டாக்காக, அதாவது வழக்கமாகப் பிஎச்.டி. முடித்தவர்கள் பார்க்கும் பயிற்சி ஆராய்ச்சியாளர் வேலையில், சேர்ந்தார். பீட்டர் ராட்கிளிஃப் இங்கிலாந்தில் சிறுநீரக மருத்துவராகத் தேறிய பிறகுதான் மூலக்கூறு உயிரியலில் முழுமூச்சாக இறங்கினார்.

கேலினுக்குத் துப்புக் கொடுத்தவர்கள் நோயாளிகள்தான். வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு வரும் கட்டிகளில் ரத்தக்குழாய்கள் மண்டிக் கிடக்கும். சிலருக்குச் சிவப்பணுக்களும் அளவுக்கு மீறிப் பெருகும். ஆக்சிஜன் போதாதபோது உடல் என்னென்ன செய்யுமோ, அதையெல்லாம் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே இந்தக் கட்டிகள் செய்கின்றன. இதைப் பார்த்துச் சந்தேகப்பட மருத்துவரின் கண் வேண்டும். சந்தேகத்தை ஜீன் வரை துரத்திப் பிடிக்க லேபில் பழகிய கை வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் கதை இது.

சரி, இரண்டும் வேண்டும் என்று முடிவு செய்தவர் எந்த வழியில் போவது? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலக்கூறு உயிரியலைப் பொறுத்தவரை, எத்தனை பட்டம் என்பது இரண்டாம்பட்சம். தொடர்ச்சியான லேப் வருடங்கள் எந்த வயதில் வருகின்றன, அவற்றுக்கும் சொந்த லேப் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு மருத்துவப் பயிற்சியை முடித்துவிட்டு ஆராய்ச்சியில் இறங்குவதே மேல் என்பேன். விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொள்வோம். எம்.டி. என்று அமெரிக்காவில் சொன்னால் அது அடிப்படை மருத்துவப் பட்டம், எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிகர். அதற்குப் பிறகு வரும் சிறப்புப் பயிற்சிதான் ரெசிடென்சி, ஃபெலோஷிப் எல்லாம். இந்தக் கட்டுரையில் எம்.டி. என்று வருவது அந்தப் பொருளில்தான்.

சேர்த்தே முடிப்பது

எம்.டி.-பிஎச்.டி. கூட்டுப் படிப்புக்கு அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். 1964-இல் நிதி கொடுக்கத் தொடங்கியது. மூன்று கல்லூரிகளில் ஆரம்பித்த திட்டம் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. வழக்கமான அமைப்பு இப்படி: முதல் இரண்டு வருடம் மருத்துவப் பாடம், அப்புறம் சுமார் நான்கு வருடம் லேப், பிறகு திரும்பிவந்து வார்டில் கடைசி வருடங்கள். மொத்தம் எட்டு வருடம் என்பது சராசரி. கேம்பிரிட்ஜிலும் 1989 முதல் இதே மாதிரி ஒரு படிப்பு இருக்கிறது.

இதன் பெரிய கவர்ச்சி பணம். கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை வேறு. கடன் வாங்கி மருத்துவம் படிக்கிற நாட்டில் இது லேசான விஷயம் இல்லை. ஆனால் 'இலவசம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். நான்கு வருடம் தாமதமாக மருத்துவர் ஆகிறீர்கள் என்றால், நான்கு வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். அது வருமானத்தின் ஆரம்ப வருடம் அல்ல, கடைசியில் அதிகம் சம்பாதிக்கக்கூடிய வருடங்களில் நான்கு குறைகிறது. இலவசம் என்பதற்காகவே இந்த வழியில் சேர்ந்தவர்கள் மூன்றாவது லேப் வருடத்தில் முகம் வாடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இருபத்தைந்து வயதில் மூளை எதையும் உறிஞ்சும். நோயைப் பற்றிய பாடத்தைக் கேட்ட சூட்டோடு லேபுக்குள் போகிறவர் எந்தப் பாடத்தையும் 'இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்?' என்று கேட்டே படிக்கப் பழகிவிடுகிறார். ஒப்பிட்டுப் பார்க்கக் கன்ட்ரோல் இல்லாத சோதனையை நம்பாத குணம் ரத்தத்தில் ஊறிவிடுகிறது. இதைப் பிற்பாடு கற்றுக்கொள்ள முடியாது என்றில்லை. ஆனால் மருத்துவம் வேறொரு குணத்தை வளர்க்கிறது: அரைகுறைத் தகவலோடு, இப்போதே, உறுதியாக முடிவெடு என்கிறது. அந்தக் குணம் முற்றுவதற்கு முன்பே லேபின் குணமும் வந்துவிடுவது நல்லதுதான்.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? திரும்பி வரும் இடத்தில்.

ஒருவர் 2011-இல் பிஎச்.டி. முடித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜீனை நீக்கிய எலியை உருவாக்குவதுதான் ஆய்வு. எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய கரு ஸ்டெம் செல்லில் ஜீனை மாற்றி, கருவில் ஏற்றி, குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து எலியைப் பெற்றார். அதில் அவர் கைதேர்ந்தவர். பிறகு மருத்துவத்தின் கடைசி இரண்டு வருடம், ரெசிடென்சி மூன்று வருடம், ஃபெலோஷிப்பின் முதல் வருடம் முழுக்க நோயாளிகள். 2017-இல் மறுபடி லேபுக்குள் வருகிறார். நடுவில் என்ன நடந்திருக்கிறது? 2012-இல் டவுட்னா, ஷார்பென்டியே இருவரின் கட்டுரை வந்துவிட்டது, ஜீனை வேண்டிய இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறை பற்றி. 2013-இல் அது மனிதச் செல்களிலும் வேலை செய்யும் என்று காட்டிவிட்டார்கள். 2015-இல் ஆயிரக்கணக்கான செல்களைத் துளித்துளியாகப் பிரித்து ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே படிக்கும் முறை வந்துவிட்டது. நம் ஆள் வருடக்கணக்கில் பாடுபட்டுக் கற்ற வித்தையை, பக்கத்து மேசையில் ஒரு முதல் வருட மாணவி சில மாதங்களில் முடிக்கிறாள். அவளுக்குக் கணினியில் நிரல் எழுதவும் வருகிறது, இவருக்கு வராது.

சோதனையைத் திட்டமிடும் அறிவு மங்காது, உண்மைதான். கை மங்கிவிடும். நாலு வருடப் பயிற்சி கொடுத்த கையைப் பிறகு ஆறு வருடம் சும்மா வைத்திருந்துவிட்டு, 'விட்ட இடத்தில் தொடங்கு' என்று சொல்வதுதான் இந்த வழியின் ஊனம். அதனால்தான் கூட்டுப் பட்டம் வாங்கியவர்களும் ஃபெலோஷிப் காலத்தில் இன்னொரு முறை மூன்று நான்கு வருடம் போஸ்ட்டாக் மாதிரி உட்கார வேண்டியிருக்கிறது. செமென்சாவும் பிஎச்.டி.க்குப் பிறகு குழந்தை மருத்துவ ரெசிடென்சி முடித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் போஸ்ட்டாக் செய்தவர்தான்.

பின்னால் தள்ளுவது

இன்னொரு வழி: முதலில் மருத்துவம், ரெசிடென்சி. ஃபெலோஷிப்பில் நோயாளிகளைப் பார்க்கும் வருடம் முடிந்ததும் லேபில் உட்கார்ந்துவிடுவது. இதற்குள் இரண்டு கிளை. அந்தக் காலத்தில் முறையாகப் பதிவு செய்து பிஎச்.டி. வாங்குவது ஒன்று, பட்டம் வாங்காமல் போஸ்ட்டாக்காக மட்டும் வேலை செய்வது இன்னொன்று.

பிரிட்டனில் முதல் கிளைதான் வழக்கம். சிறப்புப் பயிற்சியின் நடுவே மூன்று வருட விடுப்பு எடுத்து, வெல்கம் டிரஸ்ட் அல்லது மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் உதவித்தொகையில் பிஎச்.டி. செய்வார்கள். மாணவர் உதவித்தொகை இல்லை, மருத்துவருக்குரிய சம்பளமே கிடைக்கும். முப்பது வயதைத் தாண்டியவருக்கு இது பெரிய நிம்மதி.

ஜப்பானின் ஷின்யா யமனாக்கா இந்தக் கிளையின் ஆள். 1987-இல் மருத்துவம் முடித்து எலும்பு அறுவை சிகிச்சையில் சேர்ந்தார். தேர்ந்த கை சட்டென்று முடிக்கும் ஒரு சாதாரணக் கட்டியை எடுக்க அவருக்குப் பல மடங்கு நேரம் ஆனதாம். கூட இருந்தவர்கள் அவர் பெயரைத் திரித்து 'ஜமனாக்கா' என்று கூப்பிட்டார்கள். ஜப்பானிய மொழியில் 'ஜமா' என்றால் இடைஞ்சல். அறுவைக் கூடத்தை விட்டு மருந்தியலுக்கு மாறி, 1993-இல் பிஎச்.டி. வாங்கி, சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று வருடம் போஸ்ட்டாக் செய்தார். ஜப்பான் திரும்பியபின் எலிக் கூண்டுகளைப் பராமரித்தே நாள் கழிந்ததில் மனம் சோர்ந்து, பேசாமல் மருத்துவத்துக்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். 2006-இல் தன் லேபிலிருந்த தக்காஹாஷியோடு சேர்ந்து, 24 ஜீன்களில் தொடங்கி நாலே நாலாகக் குறைத்து, முதிர்ந்த செல்லை ஸ்டெம் செல் போல மாற்றிக் காட்டினார். 2012-இல் நோபல்.

இந்தக் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. அவர் லேபுக்குள் நுழைந்தபோது, வார்டில் தன்னால் முடியாதது எது, தனக்கு வேண்டாதது எது என்று தெரிந்துகொண்டு நுழைந்தார். இருபத்திரண்டு வயதில் கூட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதுகிற பிள்ளைக்கு அது தெரியாது. எந்த நோய் தன்னைத் தூங்கவிடாது என்பது வார்டில் இரவுகள் கழித்தபின்தான் தெரியும். நுரையீரல் புற்றுநோயில் பிஎச்.டி. செய்துவிட்டுத் தோல் மருத்துவத்துக்குப் போனவர்கள் உண்டு. தப்பில்லை, ஆனால் அந்த நான்கு வருடத்தில் பாதி எங்கோ கரைந்துவிடுகிறது. பின்னால் தள்ளினால் நோய், கேள்வி, லேப் மூன்றும் ஒரே கோட்டில் வரும். லேப் வருடங்களுக்கும் சொந்த லேபுக்கும் இடையே இடைவெளியும் விழாது. கற்ற முறை சூடு ஆறும் முன்பே கிராண்டுக்கு, அதாவது ஆராய்ச்சி நிதிக்கு, விண்ணப்பம் எழுதலாம்.

பிஎச்.டி.யே இல்லாமல்

இரண்டாவது கிளைக்கு உதாரணங்கள் திகைக்க வைப்பவை. ஜோசஃப் கோல்ட்ஸ்டீன், மைக்கேல் பிரௌன் இருவரிடமும் பிஎச்.டி. கிடையாது. என்.ஐ.எச். மருத்துவமனையில் பத்து வயதுகூட நிரம்பாத உடன்பிறப்புகள் இருவர், கொலஸ்டிரால் தறிகெட்டு ஏறி, அந்த வயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள். கேள்வி அங்கிருந்து வந்தது. டாலஸில் இருவரும் செய்த சோதனையைச் சொன்னால் எளிமையாகத்தான் இருக்கும். சாதாரண ஆளின் தோல் செல்லைத் தட்டில் வளர்த்து, ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகளைக் கொடுத்தால், செல் தன் சொந்தக் கொலஸ்டிரால் உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. இந்த நோய் உள்ளவரின் செல்லுக்குக் கொடுத்தால் நிறுத்துவதில்லை. வாசலில் வந்து நிற்கும் எல்.டி.எல்.லை உள்ளே வாங்கிக்கொள்ளும் ரிசெப்டரே அதனிடம் இல்லை. 1985-இல் நோபல். அவர்கள் லேபில் பயின்ற ஹெலன் ஹாப்ஸும் பிஎச்.டி. இல்லாத மருத்துவர், பி.சி.எஸ்.கே.9 ஜீன் பழுதானவர்களுக்கு எல்.டி.எல். பிறவியிலேயே குறைந்திருப்பதைக் கண்டவர். 2015-இல் அதை வைத்து மருந்துகள் வந்தன. 2012-இன் வேதியியல் நோபல் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் போனது. இருவரும் மருத்துவர்கள், இருவருக்கும் பிஎச்.டி. இல்லை.

இந்தப் பட்டியலைக் காட்டித்தான் 'பிஎச்.டி. எதற்கு' என்று கேட்கிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். கோல்ட்ஸ்டீன், பிரௌன், லெஃப்கோவிட்ஸ் மூவரும் என்.ஐ.எச்.சுக்குப் போனது வியட்நாம் போர்க் காலத்தில். அப்போது அமெரிக்காவில் இளம் மருத்துவர்களுக்கும் கட்டாய ராணுவ சேவை உண்டு. பொதுச் சுகாதாரச் சேவையின் அதிகாரியாக என்.ஐ.எச்.சில் இரண்டு வருடம் இருந்தால் அதுவே சேவையாகக் கணக்காகிவிடும். அதனால் நாட்டின் ஆகச் சிறந்த மாணவர்கள் அந்தச் சில இடங்களுக்கு முட்டி மோதினார்கள். கோல்ட்ஸ்டீனுக்கு அங்கே வாய்த்த குரு, மரபுக் குறியீட்டின் புதிரை அவிழ்த்த மார்ஷல் நைரன்பெர்க். அந்த மாதிரி இரண்டு வருடம் நம்மில் யாருக்கும் ஒரு பிஎச்.டி.க்குச் சமம்தான். கட்டாய சேவை 1973-இல் நின்றது. ஆறே வருடத்தில், 1979-இல், ஜேம்ஸ் வைங்கார்டன் என்ற மருத்துவர், மருத்துவ ஆய்வாளர் என்பதே அழியும் இனமாகிவிட்டது என்று எச்சரித்து எழுதினார். அந்தப் பொற்காலத்து உதாரணத்தை வைத்து இன்றைய முடிவை எடுக்கக் கூடாது.

இன்று பிஎச்.டி. இல்லாமல் லேபுக்குள் போகும் மருத்துவருக்குக் காத்திருக்கும் ஆபத்து வேறு. அவரை 'சாம்பிள் கொண்டுவரும் டாக்டர்' ஆக்கிவிடுவார்கள். திசுவும் ரத்தமும் அவர் வாங்கித் தருவார், சோதனையை மற்றவர்கள் செய்வார்கள், கட்டுரையில் நடுவில் எங்கோ அவர் பெயர் வரும். இரண்டு வருடம் இப்படிப் போனால் அவ்வளவுதான். இந்தக் கிளையில் போகிறவர் மூன்று வருடத்துக்குக் குறைந்து ஒத்துக்கொள்ளக் கூடாது, முதல் நாளிலிருந்து தனக்கென்று ஒரு கேள்வி இருக்க வேண்டும். நடைமுறைச் சிக்கலும் உண்டு: ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் கிராண்டுக்கு மருத்துவப் பட்டம் மட்டும் பிஎச்.டி.க்கு ஈடாகாது; அதற்கு நிகரான பயிற்சி இருக்கிறது என்று தனியே காட்ட வேண்டும். நாடு விட்டு நாடு போகும் எண்ணம் இருந்தால் பட்டத்தை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

வெறும் பிஎச்.டி.யோடு நின்று மருத்துவரோடு கூட்டுச் சேர்வதும் ஒரு வழிதான். ஹாப்ஸோடு பி.சி.எஸ்.கே.9 கண்டுபிடிப்பில் பங்கு கொண்ட ஜோனத்தன் கோஹன் மருத்துவர் அல்லர். ஒரு வருடம் நோயாளியைப் பார்க்காமல் இருந்தால் எதையோ இழந்ததுபோல் தோன்றாது என்பவர்கள் தாராளமாக இதை எடுக்கலாம். சீக்கிரம் முடியும்.

வயதுக் கணக்கு

இருபத்துமூன்றில் தொடங்கினால் கூட்டுப் படிப்பு முப்பத்தொன்றில் முடியும். ரெசிடென்சி மூன்று வருடம், முப்பத்துநான்கு. ஃபெலோஷிப் ஆராய்ச்சியோடு நாலு வருடம், முப்பத்தெட்டு. பின்னால் தள்ளி, பட்டம் இல்லாமல் போஸ்ட்டாக் மட்டும் செய்தால் அதே இடத்துக்கு முப்பத்துநாலில் வந்துவிடலாம், பிஎச்.டி.யும் வாங்கினால் ஒன்றிரண்டு வருடம் கூடும். அமெரிக்க உள்மருத்துவ வாரியத்தின் ஆராய்ச்சிப் பாதையில் சேர்ந்தால், ரெசிடென்சி மூன்றிலிருந்து இரண்டாகக் குறையும், பதிலுக்கு மூன்று வருடம் எண்பது சதவீத நேரத்தை ஆராய்ச்சிக்குத் தர வேண்டும். கடன் கவலைக்கு, ஆராய்ச்சியில் இருப்பவர்களின் படிப்புக் கடனை வருடத்துக்கு 50,000 டாலர் வரை அடைக்கும் என்.ஐ.எச். திட்டமும் இருக்கிறது. ஆகவே 'கடனுக்குப் பயந்து கூட்டுப் படிப்பு' என்ற வாதம் முன்பு போல வலுவாக இல்லை.

என் விதிவிலக்கு இங்கே வருகிறது. கல்லூரிக்கு முன்போ பின்போ இரண்டு மூன்று வருடம் முழுநேரமாக லேபில் கழித்து, சோதனை தொடர்ந்து தோற்ற மாதங்களைப் பார்த்தபிறகும் அங்கேயே இருக்க ஆசைப்படுகிறவர் கூட்டுப் படிப்புக்குப் போகலாம். கோடை விடுமுறையில் எட்டு வாரம் பிப்பெட் பிடித்ததை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எட்டு வாரத்தில் எல்லாருக்கும் லேப் பிடிக்கும். மருத்துவத்தின் நடுவில் ஒரு வருடம் மட்டும் விடுப்பெடுத்து ஆராய்ச்சி செய்து பார்ப்பது, முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நான் சொல்லும் மலிவான சோதனை.

எந்த வழியானாலும், கடைசியில் எல்லாம் நேரத்தில் வந்து முட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குப் புரதத்தை ஜெல்லில் ஏற்றினால் ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். அதைச் சவ்வுக்கு மாற்ற இன்னும் ஒரு மணி நேரம். பால் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி போட்டு, நாலு டிகிரியில் இரவு முழுக்க ஆட்டவிட வேண்டும். மறுநாள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை கழுவி, இரண்டாவது ஆன்டிபாடி போட்டு, மறுபடி கழுவிப் படம் எடுக்க வேண்டும். எங்கும் பெரிய வேலை இல்லை. ஆனால் எங்கும் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. இரண்டாவது முறை கழுவிக் கரைசலை வடித்த நேரம் பார்த்து வார்டிலிருந்து அழைப்பு வந்தால், நோயாளியைத்தான் பார்க்க வேண்டும். அதில் கேள்வியே இல்லை. திரும்பி வரும்போது சவ்வு காய்ந்திருக்கும். இரண்டு நாள் போச்சு. வாரத்துக்கு ஒரு அரைநாள் ஓ.பி. என்றால் தாங்கலாம். மூன்று அரைநாள் என்றால் சொந்தக் கையால் சோதனை செய்வதை மறந்துவிட வேண்டியதுதான். என்.ஐ.எச்.சின் கே08 என்ற கிராண்ட், 75 சதவீத நேரம் ஆராய்ச்சிக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுக்கிறது. அந்த 75 சதவீதத்தைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு, ஆள் பற்றாக்குறை என்று வார்டுக்கு இழுக்கும் துறைத்தலைவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

ஆகவே இடத்தைத் தேர்வு செய்யும்போது, எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று கேட்பதை நிறுத்துங்கள். பயிற்சி முடித்து இரண்டு வருடம் ஆன ஒருவரைத் தேடிப் பிடித்து, துறைத்தலைவர் பக்கத்தில் இல்லாதபோது, போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். லேபில், ஒரு மாணவனின் ஜெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பதில் வந்தால், அந்த இடத்தைப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். அவர் யோசித்துவிட்டுச் சிரித்தால், அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பியுங்கள்.